சவூதி வார்டில் செவிலியர் ஆய்வு: ஒரு கேனுலாவை வைத்துத் தொடக்கம் முதல் பிரசுரம் வரை

சவூதியில் வேலை பார்க்கும் நம் செவிலியர்களுக்கு ஆய்வு செய்யும் கட்டாயம் பெரும்பாலும் மூன்று வழியில் வருகிறது. முதுநிலைப் படிப்பு, பதவி உயர்வு, அல்லது சிபாஹி (சவூதியின் தேசிய அமைப்பு), ஜேசிஐ (சர்வதேச அமைப்பு) போன்றவற்றின் தர அங்கீகாரத்துக்குத் தயாராகும் மருத்துவமனை, "ஒவ்வொரு பிரிவும் ஏதாவது ஒன்று செய்யுங்கள்" என்று சொல்வது. சொன்னதும் எல்லோரும் ஓடுவது கேள்வித்தாளிடம். மன அழுத்தம், பணித் திருப்தி, பர்ன்அவுட் என்று ஒரு படிவம் தயாரித்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டு, வந்த பதில்களைக் கூட்டிச் சதவீதம் போடுவது. செய்ய எளிது, பயன் குறைவு. எத்தனை பேருக்குப் போனது, யார் பதில் சொல்லாமல் விட்டார்கள் என்பதே தெரியாத தரவு அது.

கட்டிலருகே கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு அளக்கக்கூடிய ஒன்றை எடுத்தால் அதே உழைப்பு வார்டுக்கும் உதவும், இதழிலும் நிற்கும். ஆகவே இங்கே எடுத்துக்காட்டாக வருவது மருந்து ஏற்றக் கையின் சிரையில் போடும் மெல்லிய குழாயான கேனுலாவும் அதனால் வரும் ஃபிளபைட்டிஸும், அதாவது சிரை அழற்சி. உங்கள் தலைப்பு படுக்கைப் புண்ணாகவோ, விழுதலாகவோ, ஷிஃப்ட் ஹேண்ட்ஓவராகவோ இருந்தாலும் படிகள் ஏறக்குறைய இவையேதான்.

கேள்வியைச் சுருக்குவது

"கேனுலா சிக்கல்கள் பற்றிய ஆய்வு" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "எங்கள் மருத்துவ வார்டில், வார்டிலேயே போடப்பட்ட கேனுலாக்களில், எடுத்த பின் 48 மணி நேரம் வரை, எத்தனை சதவீதத்தில் ஃபிளபைட்டிஸ் வருகிறது?" என்பது கேள்வி. இதில் இடம், யார், எது, எவ்வளவு காலம், என்ன முடிவு என்ற ஐந்தும் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் பின்னால் எங்காவது இடிக்கும்.

"வார்டிலேயே போடப்பட்ட" என்ற சொல் சும்மா வரவில்லை. எமர்ஜென்சியில் அவசரத்தில் போட்ட கேனுலா எத்தனை மணிக்குப் போட்டது, எப்படித் தோலைத் துடைத்தார்கள் என்று பாதிப் பேருக்குப் பதிவே இருக்காது. அதைச் சேர்த்தால் கேனுலா இருந்த நேரக் கணக்கே ஆட்டம் காணும். "48 மணி நேரம்" என்பதற்கும் காரணம் உண்டு. கேனுலாவை எடுத்த பிறகும் இரண்டு நாள் வரை அழற்சி தலை காட்டலாம். எடுத்த அன்றே கணக்கை முடித்தால் உண்மையைவிடக் குறைந்த எண்தான் கிடைக்கும். டிஸ்சார்ஜ் ஆனவரைத் தொலைபேசியில் கேட்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே திட்டத்தில் எழுதுங்கள். ஒப்புதல் படிவத்தில் அந்த அழைப்புக்கான சம்மதமும் இருக்க வேண்டும்.

கேள்வி முன்பே தீர்க்கப்பட்டதா என்றும் பாருங்கள். கேனுலாவை மூன்று நாளுக்கொரு முறை கட்டாயம் மாற்ற வேண்டுமா, தேவைப்படும்போது மாற்றினால் போதுமா என்பது பழைய கேள்வி. 2012-இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு 3,283 நோயாளிகளை வைத்து இரு முறையிலும் ஃபிளபைட்டிஸ் 7 சதவீதம்தான் என்று காட்டியது. அதையே முந்நூறு பேரை வைத்து மறுபடி கேட்பதில் பொருளில்லை. "எங்கள் வார்டில் மணிக்கட்டுக்கு மேலே முன்கையில் போட்டதற்கும் புறங்கையில் போட்டதற்கும் வித்தியாசம் உண்டா?" என்று கேட்டால் அந்த வார்டின் பழக்கத்தை மாற்ற ஆதாரம் கிடைக்கும்.

தர மேம்பாடா, ஆய்வா?

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். "இது வெறும் தர மேம்பாட்டுத் திட்டம், ஐஆர்பி வேண்டாம்" என்று குவாலிட்டி பிரிவில் சொல்வார்கள். ஐஆர்பி என்பது ஆய்வுக்கு அனுமதி தரும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு. மருத்துவமனைக்கு உள்ளேயே வைத்துக்கொள்வதானால் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் முடிவு நன்றாக வந்ததும் பிரசுரிக்க ஆசை வரும். இதழ் முதலில் கேட்பது நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணை. சேகரித்து முடித்த தரவுக்கு முன்தேதியிட்ட அனுமதி எந்த ஒழுங்கான குழுவும் தராது.

ஆகவே பிரசுரிக்கும் எண்ணம் துளியளவு இருந்தாலும் முதல் நோயாளியைத் தொடுமுன் ஐஆர்பிக்கு எழுதுங்கள். "இதற்கு அனுமதி தேவையில்லை" என்று அவர்கள் சொன்னாலும் அதை எழுத்தில் வாங்குங்கள். விலக்குக் கடிதமும் ஓர் அனுமதி ஆவணம்தான்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. சவூதியில் தேசிய உயிரியல் நெறிமுறைக் குழு 2001-இல் அமைந்தது. உயிரினங்கள் மீதான ஆய்வு நெறிமுறைச் சட்டம் 2010-இல் எம்/59 என்ற அரச ஆணையாக வந்தது. மருத்துவமனைகளின் உள்ளூர்க் குழுக்கள் அந்த தேசியக் குழுவிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் அனுமதிக் கடிதத்தில் அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தேசியக் குழு இணையவழியில் நடத்தும் நெறிமுறைப் பாடத்தை முடித்த சான்றிதழைப் பெயர் சேர்க்கும் ஒவ்வொரு ஆய்வாளரிடமும் கேட்பது வழக்கம். ஐந்து பேர் குழுவில் ஒருவர் அதை முடிக்காததால் விண்ணப்பம் வாரக்கணக்கில் கிடப்பது சாதாரணம். முதல் வாரத்திலேயே எல்லோரையும் உட்காரவைத்து முடித்துவிடுங்கள்.

குழுவும் விண்ணப்பமும்

முதன்மை ஆய்வாளராக யார் இருக்கலாம் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஸ்டாஃப் நர்ஸுக்கு அந்த இடம் தராத நிறுவனங்கள் உண்டு. அப்படியானால் செவிலியர் கல்விப் பிரிவிலோ ஆய்வு மையத்திலோ இருக்கும் ஒருவரை முதன்மையாக வைத்து நீங்கள் இணை ஆய்வாளராக நில்லுங்கள். முதல் ஆசிரியர் யார் என்பதை மட்டும் அன்றே மின்னஞ்சலில் எழுதி எல்லோரிடமும் "சரி" வாங்குங்கள். கட்டுரை முடியும் நேரத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் நட்பும் போகும், கட்டுரையும் போகும்.

அரபி தாய்மொழிக்காரர் ஒருவர் குழுவில் இருந்தே தீர வேண்டும். மொழிபெயர்ப்புக்கு மட்டுமல்ல, நோயாளியின் மகன் கோபமாகப் பேசுகிறாரா, சந்தேகத்தில் கேட்கிறாரா என்று பிரித்துச் சொல்லவும் அவர் வேண்டும். பெண்கள் வார்டில் தரவு எடுக்கப் பெண் செவிலியர் இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

விண்ணப்பத்தோடு போக வேண்டியவை: புரோட்டோகால் (ஆய்வை எப்படிச் செய்வோம் என்ற எழுத்துத் திட்டம்), தரவுத்தாள், ஆங்கிலத்திலும் அரபியிலும் ஒப்புதல் படிவம், ஆய்வாளர்களின் சுயவிவரமும் சான்றிதழும், வார்டு மேலாளர், செவிலியர் துறை இயக்குநர் ஆகியோரின் இசைவுக் கடிதம். இந்தக் கடைசிக் கடிதத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நெறிமுறைக் குழு அனுமதித்தாலும் ஹெட் நர்ஸ் மனம் வைக்காவிட்டால் வார்டுக்குள் ஒரு தாள்கூட நகராது.

ஒவ்வொரு ஆவணத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். குழு ஒரு பதிப்புக்குத்தான் அனுமதி தருகிறது. பிறகு படிவத்தில் ஒரு வரி மாற்றினால்கூடத் திருத்த விண்ணப்பம் வேண்டும். அனுமதிக்குக் காலவரம்பும் உண்டு. ஓராண்டு என்று இருந்தால் பத்தாம் மாதமே புதுப்பிக்க எழுதுங்கள். காலாவதியான நாள்களில் எடுத்த தரவைத் தூக்கிப் போட வேண்டிவரும்.

யாருக்கு எந்த முறை என்று நீங்களே பிரித்து ஒதுக்கும் ஆய்வு என்றால், உதாரணமாகச் சீட்டுப் போட்டுப் பாதிப் பேருக்கு ஒரு டிரெஸ்ஸிங், பாதிப் பேருக்கு வேறு டிரெஸ்ஸிங் என்றால், அது சோதனை ஆய்வு. முதல் நபரைச் சேர்க்கும் முன்பே சோதனை ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். மருந்தோ சாதனமோ சோதிப்பதானால் சவூதி உணவு மருந்து ஆணையத்தின் பக்கமும் போக வேண்டியிருக்கும். முதல் ஆய்வுக்கு இது வேண்டாம். இருப்பதை இருக்கிறபடி பார்த்து எழுதும் கண்காணிப்பு ஆய்வோடு தொடங்குங்கள்.

எத்தனை பேர் வேண்டும்?

"முப்பது போதும்", "நூறு வைத்துக்கொள்ளலாம்" என்பவை கணக்கல்ல. ஒரு சதவீதத்தை அளப்பதற்கான சூத்திரம் எளிது. 95 சதவீத நம்பிக்கைக்கான எண்ணான 1.96-ஐ இருமடி எடுத்து, எதிர்பார்க்கும் விகிதத்தாலும் ஒன்றிலிருந்து அதைக் கழித்ததாலும் பெருக்கி, ஏற்கும் பிழையின் இருமடியால் வகுக்க வேண்டும்.

வார்டின் பழைய பதிவுகளை வைத்து ஃபிளபைட்டிஸ் 20 சதவீதம் இருக்கும் என்று மதிப்பிடுகிறீர்கள், 5 சதவீதப் பிழை போதும் என்றால்: 3.8416 × 0.2 × 0.8 ÷ 0.0025 = 245.9, அதாவது 246. பத்தில் ஒருவர் இடையில் விடுபடுவார் என்று வைத்தால் 246-ஐ 0.9-ஆல் வகுத்து 274. இங்கே பலர் 246-உடன் அதன் பத்து சதவீதத்தைக் கூட்டி 271 என்று எழுதுவார்கள். வகுப்பதுதான் சரி, ஏனென்றால் விடுபடுவது மொத்தத்தில் பத்து சதவீதம்.

இரு குழுக்களை ஒப்பிடுவதானால் கணக்கு வேறு. புறங்கையில் 30 சதவீதம், முன்கையில் 15 சதவீதம் என்ற வித்தியாசத்தை 80 சதவீத வலிமையோடு, அதாவது உண்மையில் இருந்தால் பத்தில் எட்டு முறை தவறாமல், பிடிக்க (7.84 என்பது 1.96-ஐயும் 80 சதவீத வலிமைக்கான 0.84-ஐயும் கூட்டி இருமடி எடுத்தது): 7.84 × (0.3 × 0.7 + 0.15 × 0.85) ÷ 0.0225 = 117.6. ஒவ்வொரு பக்கமும் 118 கேனுலா. உங்கள் வார்டில் எல்லோரும் புறங்கையிலேயே போடும் பழக்கம் இருந்தால் முன்கையில் 118 சேர ஓராண்டு ஆகலாம். ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நாளுக்கு 4 தகுதியான கேனுலா என்றால் 274-க்கு 69 நாள். மறுப்பவர்கள், ஆளில்லாத ஷிஃப்ட், விடுமுறைக் காலம் எல்லாம் சேர்த்து மூன்று மாதம் என்று எழுதுங்கள்.

ஒரு நோயாளிக்கு மூன்று கேனுலா மாறினால் மூன்றையும் எண்ணுவதா? மெல்லிய சிரை உள்ள ஒரு மூதாட்டியே மூன்று முறை கணக்கில் வந்துவிடுவார். அவற்றைத் தனித்தனி ஆளாக எண்ணும் சாதாரணச் சோதனைகள் தவறான விடை தரும். முதல் கேனுலாவை மட்டும் எடுப்பது எளிய வழி.

ஒப்புதல், அரபியில்

அரபிப் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றினால் சட்டப் பத்திரம் போல இருக்கும். எழுத்தரபியே ஆனாலும் நாளிதழ் நடை போதும். ஒரே பக்கம், பெரிய எழுத்து. என்ன செய்யப் போகிறோம், எத்தனை முறை பார்ப்போம், மறுத்தாலும் சிகிச்சையில் மாற்றமில்லை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், யாரைக் கேட்கலாம் என்ற ஐந்தும் முதல் பாதியிலேயே வரட்டும்.

வயது வந்த பெண்ணின் ஒப்புதல் அவருடையது. கணவரோ மகனோ பக்கத்தில் இருப்பார்கள், முதலில் பேசுவார்கள், பேனாவையும் வாங்குவார்கள். மரியாதையாக அவர்களுக்கும் விளக்கிவிட்டு, கையெழுத்தை நோயாளியிடம்தான் வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன் முழுவதையும் வாசித்துக் காட்டி, கைரேகை வாங்கி, சாட்சியும் கையெழுத்திட வேண்டும். அந்த ஏற்பாடு புரோட்டோகாலிலேயே எழுதப்பட்டிருக்கட்டும்.

சவூதி வார்டில் நோயாளிகள் எல்லோரும் அரபி பேசுபவர்கள் அல்ல. உருது, வங்காளம், மலையாளம், தமிழ் பேசும் தொழிலாளர்கள் இருப்பார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் படுத்திருந்தால், "அண்ணே, சின்ன ஆராய்ச்சிதான், கையெழுத்துப் போடுங்க" என்று தமிழில் சொல்லி வாங்குவது மிக எளிது. அது செல்லாது. குழு பார்த்த படிவம் அரபியும் ஆங்கிலமும் மட்டும் என்றால், வாய்மொழித் தமிழ் விளக்கம் அனுமதிக்கப்படாத ஆவணம். தமிழ்ப் படிவத்தையும் சேர்த்து அனுமதி வாங்குங்கள், அல்லது அவரைச் சேர்க்காமல் விட்டு, ஏன் விட்டீர்கள் என்று கட்டுரையில் எழுதுங்கள்.

மருந்து கொடுக்கும் அதே செவிலியர் ஒப்புதல் கேட்கவும் கூடாது. மாலை ஊசி போட வரப்போகிறவரிடம் எவர் மறுப்பார்? அன்று அந்த நோயாளி ஒதுக்கப்படாத வேறொருவர் கேட்கட்டும். தொழுகை நேரம், பார்வையாளர் நேரத்தின் முதல் அரைமணி இரண்டையும் தவிர்த்தால் மறுப்பும் குறையும். அபாயம் மிகக் குறைவான கண்காணிப்பு ஆய்வுக்கு எழுத்து ஒப்புதலிலிருந்து விலக்கும் கேட்கலாம். தருவது குழுவின் விருப்பம்.

அளவுகோலும் இரண்டு ஜோடிக் கண்களும்

ஃபிளபைட்டிஸுக்கு விஐபி மதிப்பெண், அதாவது கேனுலா இடத்தைப் பார்த்து அழற்சிக்குப் போடும் மதிப்பெண், பரவலாகப் பயன்படுகிறது. 0 முதல் 5 வரை. ஒன்றும் இல்லையென்றால் 0. லேசான வலி அல்லது லேசான சிவப்பு 1. வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு இருந்தால் 2. அங்கே கேனுலாவை எடுத்துவிட வேண்டும். சிரை வழியே வலி, சிவப்பு, கெட்டிப்பு மூன்றும் சேர்ந்தால் 3. அதோடு சிரை கயிறுபோலக் கையில் தட்டுப்பட்டால் 4. காய்ச்சலும் சேர்ந்தால் 5. "2-உம் அதற்கு மேலும் ஃபிளபைட்டிஸ்" என்று எல்லையை முன்கூட்டியே எழுதிவையுங்கள். தரவைப் பார்த்தபின் எல்லையை நகர்த்தக் கூடாது.

கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சூடு, கெட்டிப்பு, நிறம் மாறிய பளபளப்பு ஆகியவற்றை மற்ற கையோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்குங்கள். வலியை எல்லோரும் ஒரே சொல்லில் கேட்க வேண்டும். "ஃபீ அலம்?" (வலி இருக்கிறதா?) என்று ஒருவரும், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று இன்னொருவரும் கேட்டால் பதில் ஒன்றாக இராது. "அல்ஹம்துலில்லாஹ்" (இறைவனுக்கே புகழ்) என்பது வலி இல்லை என்று பொருள்படாது. கடும் வலியிலும் அதையே சொல்வார்கள். கேட்டபின் சிரையின் மேல் மெல்ல அழுத்தி முகத்தையும் பாருங்கள்.

தொடங்கும் முன் இரு செவிலியர் 30 கேனுலாக்களை ஒருவர் எண்ணை மற்றவர் பாராமல் தனித்தனியே மதிப்பிட்டு, கப்பா என்ற ஒத்திசைவு எண்ணைக் கணக்கிடுங்கள். 0.6-க்குக் கீழே என்றால் மறுபயிற்சி. 0.8-ஐத் தொட்டால் நிம்மதி. அந்த 30-இல் 28 நல்ல கேனுலாவாக இருந்தால் கப்பா தாறுமாறாக வரும். எனவே அழற்சி வந்தவற்றையும் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒத்திகையும் நோயாளிகளிடம் நடப்பதால் புரோட்டோகாலில் இருக்க வேண்டும்.

மதிப்பெண் 2 வந்தால் "பார்த்துக்கொண்டிருப்போம், 4 ஆகிறதா" என்று விடக் கூடாது. எடுங்கள், மருத்துவருக்குச் சொல்லுங்கள், நேரத்தைக் குறியுங்கள். இதை ஒரு வரியாக எழுதியிருந்தால் குழுவின் பாதிக் கேள்விகள் அடங்கும்.

தரவுத்தாள்: சிறு தவறுகள் பெருகும் இடம்

ஒரு கேனுலாவுக்கு ஒரு பக்கம். ஆய்வு எண், பாலினம், வயது, சர்க்கரை நோய் உண்டா, கேனுலா அளவு, இடம், எத்தனையாவது குத்தலில் ஏறியது, போட்ட தேதி மணி, எடுத்த தேதி மணி, எடுத்த காரணம், போன மருந்துகள், ஷிஃப்டுக்கு ஒரு மதிப்பெண், 48 மணி நேர மதிப்பெண். போதும். "இருக்கட்டுமே" என்று முப்பது கட்டம் சேர்த்தால் இரவு நான்கு மணிக்கு எவரும் நிரப்ப மாட்டார்கள்.

அளவை எண்ணாக எழுதச் சொல்லுங்கள்: 18 பச்சை, 20 ரோஸ், 22 நீலம், 24 மஞ்சள். மருந்தில் வான்கோமைசின், அமியோடரோன், பொட்டாசியம் குளோரைடு மூன்றுக்கும் தனிக் கட்டம் வையுங்கள். சிரையைக் கெடுப்பதில் இவை பேர்போனவை. இவற்றைக் குறிக்காமல், "22-ஐவிட 20 மோசம்" என்று முடிவு சொன்னால், கட்டுரையை இதழுக்காகப் பரிசீலிக்கும் விமர்சகர் முதல் பத்தியிலேயே பிடித்துவிடுவார்.

வயது ஒரு பொறி. பழைய பதிவுகளில் பிறந்த தேதி ஹிஜ்ரி ஆண்டில் இருக்கும். ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள். ஹிஜ்ரிக் கணக்கில் 70 வயது என்றால் நம் கணக்கில் 68. முதியவர்கள் பலருக்குப் பிறந்த நாள் ரஜப் முதல் தேதி என்று ஒன்றுபோல் இருக்கும். சரியான தேதி தெரியாதபோது பதிவில் போட்ட தேதி அது. வயதை முழு ஆண்டாக, ஒரே நாட்காட்டியில் எடுங்கள். மற்ற தேதிகளை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதினால் மாதமும் நாளும் இடம் மாறாது.

கையெழுத்து எண்கள் இன்னொரு பொறி. அரபியில் சுழியம் ஒரு புள்ளி. ஐந்து நம் சுழியம்போல வட்டமாக இருக்கும். ஆறு நம் 7 போலத் தெரியும். அரபி எழுதிப் பழகிய சக ஊழியர் வேகத்தில் தன் எண்ணிலேயே எழுதிவிடுவார். தட்டச்சு செய்பவர் 56-ஐ 07 என்று படிப்பார். "எண்கள் இந்த வடிவில் மட்டும்" என்று தாளின் தலையிலேயே அச்சிடுங்கள். முதல் இருபது தாளை இருவர் தனித்தனியே கணினியில் ஏற்றி ஒப்பிட்டுப் பாருங்கள்.

நோயாளி எண், இகாமா (வசிப்பிட அனுமதி) எண், பெயர், தொலைபேசி எதுவும் தரவுத்தாளில் வேண்டாம். ஆய்வு எண்ணையும் மருத்துவமனை எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஒன்றே ஒன்று, பூட்டிய அலமாரியில் அல்லது மருத்துவமனை சர்வரில். சவூதியின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து 2024 செப்டம்பரிலிருந்து முழுமையாக அமலாகிறது. உடல்நலத் தகவல் அதில் கூடுதல் கவனம் வேண்டிய (சென்சிடிவ்) தரவு. நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் கட்டுப்பாடு உண்டு. "கூகுள் ஷீட்டில் போட்டு ஊரில் இருக்கும் புள்ளியியல் நண்பருக்கு அனுப்புகிறேன்" என்பது அனுமதியில் இல்லாவிட்டால் மீறல்.

படம் எடுக்கவே எடுக்காதீர்கள். வீங்கிய கையை உங்கள் கைபேசியில் எடுத்து, "பாருங்க எவ்வளவு மோசம்" என்று குழுவில் போடுவது வேலையை மட்டும் தின்னாது. 2007-ஆம் ஆண்டின் இணையக் குற்றத் தடுப்புச் சட்டம், கேமரா கைபேசியால் பிறர் தனிமையைக் குலைப்பதற்கு ஓராண்டு வரை சிறையும் 5 லட்சம் ரியால் வரை அபராதமும் சொல்கிறது. படம் அவசியம் என்றால் தனி ஒப்புதல், மருத்துவமனை கேமரா, அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி என மூன்றும் வேண்டும்.

சேகரிக்கும் மாதங்கள்

முதல் வாரம் எண்கள் வழக்கத்தைவிட அழகாக இருக்கும். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் கையை ஒழுங்காகக் கழுவுவார்கள், டிரெஸ்ஸிங்கை நேராக ஒட்டுவார்கள். முதல் ஏழு நாளைப் பயிற்சிக் காலமாகக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முன்பே எழுதிவைத்தால் இது தீரும்.

ரமலான் குறுக்கே வருகிறதா என்று பாருங்கள். ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் மாதம் அது. பணி நேரம் மாறும், மருந்து நேரங்கள் நகரும், பகலில் நோயாளிகள் தூங்குவார்கள். தவிர்க்க முடியாவிட்டால் "ரமலானா, இல்லையா" என்று ஒரு கட்டம் வையுங்கள். மக்கா, மதீனா, ஜித்தா என்றால் ஹஜ் பருவத்தில் நோயாளிகளின் முகமே மாறிவிடும். ஆள்களையும் வேறு இடத்துக்கு அனுப்புவார்கள்.

வாரம் ஒருமுறை தாள்களை எண்ணுங்கள். வார்டில் போட்ட மொத்த கேனுலா எத்தனை, தகுதியானவை எத்தனை, கேட்கப்பட்டவர்கள், மறுத்தவர்கள், விடுபட்டவர்கள் எத்தனை பேர். வெள்ளி, சனி வார விடுமுறையில் பகல் அலுவலர்கள் இல்லாததால் அந்த நாள்களின் தாள்கள்தான் காலியாக இருக்கும். அதைப் பதினைந்தாம் நாளே கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். மூன்றாம் மாதம் கண்டுபிடித்தால், "வரம்புகள்" என்ற தலைப்பின் கீழ் வருத்தத்தோடு எழுதலாம்.

கணக்கு

எஸ்பிஎஸ்எஸ் என்ற கட்டணப் புள்ளியியல் மென்பொருள் இல்லையென்று யாரும் நிற்க வேண்டாம். ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், பட்டனைத் தட்டினால் போதும். இந்த அளவு ஆய்வுக்குத் தாராளம்.

ஒரு கற்பனைக் கணக்கு: 274 கேனுலாவில் 46-இல் ஃபிளபைட்டிஸ். 16.8 சதவீதம். அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பு, 12.4 முதல் 21.2 வரை. இடைவெளி இல்லாமல் சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள். கேனுலாக்கள் மொத்தம் 820 நாள் இருந்தன என்றால் ஆயிரம் கேனுலா நாளுக்கு 56. பக்கத்து வார்டோடு ஒப்பிட உதவுவது இந்த எண்தான். அங்கே கேனுலாவை ஒரே நாளில் எடுத்துவிடும் பழக்கம் இருந்தால் சதவீதம் குறைவாகத் தெரிந்து ஏமாற்றும்.

எந்தக் காரணம் அழற்சியோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்ற, பல காரணிகளை ஒன்றாக எடைபோடும் கணக்கைப் போடுவார்கள். பத்து நிகழ்வுக்கு ஒரு காரணி என்பது பழைய கைக்கணக்கு. 46 நிகழ்வு இருந்தால் நான்கு காரணிகள் தாங்கும், பன்னிரண்டு தாங்காது. அந்த நான்கு எவை என்று தரவைத் திறக்கும் முன்பே தேர்ந்தெடுங்கள். வித்தியாசம் இல்லையென்று வந்தாலும் அது முடிவுதான், மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வித்தாள்தான் வேண்டும் என்றால்

முதலில் உரிமம் பாருங்கள். மஸ்லாக் பர்ன்அவுட் அளவுகோலின் 22 கேள்விகளுக்குக் கட்டணம் உண்டு. இணையத்தில் கிடைத்த பிரதியைப் பயன்படுத்தினால் கட்டுரை திரும்பி வரலாம். சில அளவுகோல்களுக்கு அரபிப் பதிப்பு ஏற்கெனவே இருக்கும். புதிதாக மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் தேடுங்கள். இல்லையென்றால் இருவர் தனித்தனியே அரபியாக்கி, இரண்டையும் இணைத்து, மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி, நிபுணர் குழு ஒப்பிட்டு, 30 முதல் 40 பேரிடம் சோதிப்பது ஏற்கப்பட்ட முறை.

செவிலியர்களிடம் கேட்கும்போது அடையாளம் கசிவதுதான் பெரிய ஆபத்து. பெயர் கேட்கவில்லை என்று நிம்மதி கொள்ள முடியாது. நாடு, பாலினம், வயது, பிரிவு, அனுபவம் ஐந்தையும் கேட்டால், "ஐசியுவில் 40 வயதுக்கு மேற்பட்ட தமிழ் ஆண் செவிலியர்" ஒரே ஒருவர்தான் இருப்பார். அவர் மேலாளரைப் பற்றி உண்மை எழுதுவாரா? வயதை அகலமான பிரிவுகளாக்குங்கள், நாட்டுக்குப் பதில் பகுதியைக் கேளுங்கள், ஐந்து பேருக்குக் குறைந்த கட்டத்தை அட்டவணையில் காட்டாதீர்கள். படிவத்தை ஹெட் நர்ஸ் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கவும் கூடாது. மூடிய பெட்டி வையுங்கள். எதிர்பார்க்கும் விகிதம் தெரியாமல் 50 சதவீதம் என்று வைத்தால் மேலே சொன்ன சூத்திரம் 384 என்று தரும். 600 செவிலியர் உள்ள மருத்துவமனையில் அந்த 384 தேவையில்லை. மொத்தம் சிறிதாக இருப்பதால் திருத்திய கணக்கு 235. ஐந்தில் ஒருவர் பதில் தரமாட்டார் என்று வைத்து 294 படிவம்.

எழுதுவதும் அனுப்புவதும்

கண்காணிப்பு ஆய்வுக்கு ஸ்ட்ரோப் என்ற 22 அம்சப் பட்டியல் இருக்கிறது. எழுதி முடித்துச் சரிபார்ப்பதைவிட, அதையே எலும்புக்கூடாக வைத்து எழுதுவது நல்லது. முதலில் அட்டவணைகள், பிறகு முறை, பிறகு முடிவுகள், கடைசியில் முன்னுரை என்று போனால் சிக்கலில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்தியதரைக்கடல் பிராந்திய இதழ் கட்டணம் வாங்குவதில்லை. அன்னல்ஸ் ஆஃப் சவூதி மெடிசின், சவூதி மெடிக்கல் ஜர்னல் இரண்டும் உள்ளூரில் மதிப்புள்ளவை. "ஒரு வாரத்தில் பிரசுரம்" என்று மின்னஞ்சல் அனுப்பி டாலரில் பணம் கேட்கும் இதழ்களில் போட்டால், பின்னால் எந்த நல்ல இதழிலும் அதே தரவைப் போட முடியாது.

உழைக்காத மேலதிகாரியின் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். வடிவமைப்பு அல்லது தரவில் பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழுப் பொறுப்பு என்ற நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். அனுமதி தந்தவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு.

முடிந்ததும் நெறிமுறைக் குழுவுக்கு நிறைவு அறிக்கை கொடுங்கள். இடையில் ஒப்பந்தம் முடிந்து ஃபைனல் எக்ஸிட்டில், அதாவது சவூதியைவிட்டு ஒரேயடியாக, போவதானால், தரவு உங்களுடையதல்ல, மருத்துவமனையுடையது. பென் டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். பொறுப்பை இணை ஆய்வாளருக்கு மாற்றும் கடிதத்தைக் குழுவுக்குக் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். கட்டுரையின் தொடர்புக்கு நிறுவன மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் போடுங்கள். நீங்கள் கிளம்பிய வாரமே நிறுவனக் கணக்கு மூடப்படும், விமர்சகரின் கேள்வியோ ஆறு மாதம் கழித்துத்தான் வரும்.